கே. வி. ரெட்டியின் படங்கள்: எங்கள் வீட்டு வரிசை

ஒரு டைரக்டரின் படங்களைத் தரம் பிரிப்பது, பெற்ற பிள்ளைகளுள் எவன் சமர்த்தன் என்று தாயிடம் கேட்பது போன்றது. ஆயினும் நம் சங்கத்து இளைஞர் சிலர், பழைய படங்களுள் எவற்றை முதலில் பார்க்கலாம் என்று வினவியபோது, சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் வந்து குடியேறிய எங்கள் சுற்றத்தார் ஒருமுகமாகச் சொன்ன பெயர் கே. வி. ரெட்டி. அவர் படங்களுள் எது முதல் என்பதில்தான் இன்றளவும் வழக்குத் தீரவில்லை.

அனந்தப்பூர் மாவட்டத்துத் தாடிபத்ரியில் 1912-இல் பிறந்த ரெட்டியவர்கள், 1972-இல் மறைந்தார். அவர் எடுத்த கதைகள் பதினைந்தைத் தாண்டா. ஒவ்வொரு காட்சிக்கும் இத்தனை நிமிடம் என்று முன்னரே கணக்கிட்டுக்கொண்டு படமெடுத்தவர் அவர்.

எங்களுக்கு அவரிடம் தனிப் பாசம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. ‘பாதாள பைரவி’ 1951-இல் வெளிவந்தபோது சித்தூர் மாவட்டம் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. 1953-இல் அது ஆந்திர ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1957-இல் ‘மாயாபஜார்’ வந்தபோது ஆந்திரப் பிரதேசம் உருவாகிவிட்டது. 1960-இல் திருத்தணி பிரிந்து சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிற்று. கோடுகள் இப்படி இடம் மாறிக்கொண்டிருக்க, இவ்விரு படங்களும் தமிழிலும் தெலுங்கிலுமாக வந்தன. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசிய எங்கள் பெரியோர், இரண்டையும் பார்த்து ஒப்பிடும் பேறு பெற்றனர்.

எங்கள் சிற்றப்பா ‘பாதாள பைரவி’க்கே முதலிடம் தருவார். தோட்டக்காரியின் மகன் இளவரசியை விரும்பி, பொருள் தேடப் புறப்பட்டு, மந்திரவாதியிடம் அகப்படும் கதை அது. விறுவிறுப்பில் அதற்கு ஈடில்லை. ஆனால் எஸ். வி. ரங்காராவின் மந்திரவாதி முன்னே வந்து நின்றால், என். டி. ராமராவின் கதாநாயகனும் சற்று மங்கிப்போகிறான். ஆகவே நாங்கள் அதற்கு மூன்றாம் இடமே அளிக்கிறோம்.

முதலிடம் ‘மாயாபஜா’ருக்கு உரியது. கடோத்கஜன் மாயையால் வத்சலையின் உருக்கொள்ளும்போது, பெண்ணின் நாணமும் அரக்கனின் மிடுக்கும் ஒரே முகத்தில் மாறி மாறித் தோன்றச் சாவித்திரி நடித்திருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. அபிமன்யுவாகத் தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். லட்சுமண குமாரனாக அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. யார் உயர்த்தி என்ற வாதத்தில் எங்கள் வீட்டில் காப்பி ஆறிப்போனது பல நாள். நாடிழந்த பாண்டவர்க்குப் பெண் கொடுக்க மனமில்லாத உறவினரைப் பற்றிய கதை இது. ஆனால் அப்பாண்டவர் ஐவருள் ஒருவரேனும் திரையில் தோன்றுவதில்லை. ஊரை விட்டு வந்தவர்களாகிய நமக்கு இதன் நயம் எளிதில் விளங்கும். அங்கே நாமில்லாத கூடத்திலும் நம்மைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டுதானே இருக்கிறது!

இரண்டாம் இடத்துக்கு நாங்கள் வைப்பது பலரும் அறியாத படம்: 1954-இல் வந்த ‘பெத்த மனுஷுலு’. ஊரார் மதிக்கும் நகரசபைத் தலைவர், உள்ளே வஞ்சகர். பித்தன் எனப் பெயர் பெற்ற ஒருவன்தான் உண்மையை உரக்கச் சொல்கிறான். மாயமில்லை, மந்திரமில்லை, பெரிய நட்சத்திரங்களும் இல்லை. நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்ஸனின் கருத்தை நம் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்திய இப்படம், அவ்வாண்டின் தேசிய விருதுகளில் சிறந்த தெலுங்குப் படமெனத் தேர்வாயிற்று.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. 1968-இல் வந்த ‘உமா சண்டீ கௌரீ சங்கருல கத’ முதலிய பிற்காலப் படங்களில் பழைய வித்தைகளே திரும்ப வந்தன, புதுமை குன்றிற்று. அவற்றை வரிசையின் கடைசியில் வைப்பதே நேர்மை. ஆயினும் அவர் கலை அத்துடன் முடிந்துவிடவில்லை. அவரிடம் உதவியாளராகப் பயின்ற சிங்கீதம் சீனிவாசராவ், 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ தந்தார் என்பதை இளைஞர் அறிவாராக.

இனி, இவ்வரிசையில் ஒரு சங்கடம். தமிழ்ப் படங்கள் மட்டுமே நம்முடையவை என்று கணக்கிட்டால், ‘பெத்த மனுஷுலு’ பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். “நீங்கள் தமிழரா, தெலுங்கரா?” என்று எங்கள் பிள்ளைகளிடம் சிலர் விளையாட்டாகக் கேட்பதுண்டு. பிள்ளைகளோ அதற்கு அஞ்சித் தெலுங்கு தெரியாதவர்போல் இருந்துவிடுகிறார்கள். சில வீடுகளில் அது மெய்யாகவே தெரியாமலும் போய்விட்டது. தமிழராயிருப்பதற்கு அண்டை மொழியை மறக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. எங்கள் ஊர் எங்களுக்கு அளித்த இரண்டாவது செவி அது. அதை அடைத்துக்கொண்டால் நஷ்டம் நமக்கே.

ஆதலால் அன்பர்களே, இளைஞர்க்கு நாங்கள் சொல்வது இதுவே. ‘மாயாபஜா’ரை முதலில் தமிழில் பாருங்கள், கதை விளங்கிய பின் தெலுங்கில் பாருங்கள். பிறகு வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் இருத்திக்கொண்டு ‘பெத்த மனுஷுலு’ பாருங்கள். எங்கள் வரிசை தவறென்று தோன்றினால் எழுதுங்கள். சிற்றப்பாவின் கட்சிக்கு ஆள் தேவைப்படுகிறது.