வெக்கையில போற மாடே

எங்கள் ஆயா மாட்டைத் திட்டுவதற்கென்றே ஒரு வசவு வைத்திருந்தாள். "வெக்கையில போற மாடே." வரப்பு தாண்டி வேர்க்கடலையில் வாய் வைக்கும் மாட்டுக்கு, கறக்கும்போது உதைக்கும் மாட்டுக்கு, சில சமயம் எனக்கும். வெக்கை என்றால் வெயில் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சித்திரை மாசம் மத்தியானம் செருப்பில்லாமல் கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாபம் என்று புரியும்.

2023 ஆவணியில் எங்கள் கன்றுக்குட்டிக்கு உடம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகக் கிளம்பியது. தோல் கழலை நோய். 2019-இல் ஒடிசாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற அதே நோய். அம்மை வகை வைரஸ். கடிக்கிற ஈயும் கொசுவும் பரப்பும். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். வெற்றிலை, மிளகு, உப்பு மூன்றையும் அரைத்து வெல்லத்தோடு நாக்கில் தடவச் சொன்னார். கன்றைத் தனியாகக் கட்டி வேப்பிலைப் புகை போட்டோம்.

மறுநாள் காலை ஒரு தரகர் வந்தார். கன்றைக் கேட்கவில்லை. தாய்ப்பசுவைக் கேட்டார். அதன்மேல் ஒரு முடிச்சுகூட இல்லை. "இதுக்கும் வந்துட்டா அப்புறம் எவன் தொடுவான்? இப்பவே குடுத்துடுங்க, நான் தள்ளி விட்டுக்கறேன்" என்றார். சொன்ன விலை ஒன்றும் மோசமில்லை. அப்பாவுக்கு அந்த மாட்டின்மேல் கடன் இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பாதி மனசு வந்துவிட்டது என்று அர்த்தம்.

உள்ளேயிருந்து ஆயா சொன்னாள்: "உங்கப்பனும் அப்டித்தான் வித்தாரு."

அதுவரை எங்கள் வீட்டில் யாரும் பேசாத கதை அது. நான் பிறப்பதற்கு முன்னால் தாத்தாவிடம் ஒரு ஜோடி உழவு மாடு இருந்ததாம். ஒன்றுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி, அப்புறம் கழிந்து கழிந்து எட்டாம் நாள் செத்துவிட்டது. தொழுவம் பூராவும் நாற்றம். இன்னொன்று நன்றாகத் தீனி எடுத்துக்கொண்டிருந்தது. தீபத்துக்குக் கூடும் மாட்டுச் சந்தைக்கு அதை ஓட்டிப் போய், செங்கத்துப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டார் தாத்தா. "வாங்கினவன் ஊர்ல எத்தினி மாடு போச்சோ. ரெண்டு வருசம் உங்க தாத்தா செங்கம் ரோட்டுப் பக்கமே போகல."

அந்த நோய்க்குப் பெயர்தான் வெக்கை.

அன்று இரவு ஆபீஸ் வேலையை ஓரமாக வைத்துவிட்டு வெக்கை நோயைத் தேடிப் படித்தேன். தட்டம்மைக்கு நெருங்கிய உறவு. வெயிலில் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிற பலவீனமான வைரஸ்தான். அது ஊர்விட்டு ஊர் போகக் காலும் மூச்சும் உள்ள மாடு வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியாத நாட்களிலேயே மாடு நோயைச் சுமக்கும். காய்ச்சல் தெரிவதற்கு முன்பே மற்ற மாடுகளுக்குக் கொடுக்கவும் தொடங்கிவிடும். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற எந்த அனுபவசாலியும் கண்டுபிடிக்க முடியாது. தாத்தாவின் மாடும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மாட்டோடு நிற்கவும் இல்லை. எருமை, மான், காட்டெருமை என்று குளம்புள்ளவை பலதும் அதற்கு இரை. 1968-இல் முதுமலைக் காட்டெருமைகள் இதில் ஏராளமாகச் செத்தன. ஆப்பிரிக்காவில் 1890 வாக்கில் மாடு, காட்டெருது, ஒட்டகச்சிவிங்கி என்று வாரிக்கொண்டு போனது. அங்கே பிறகு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டில் ஒரு அதிசயம் நடந்தது. செரங்கெட்டியில் 1960களின் ஆரம்பத்தில் சில லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் கூட்டம் அடுத்த 20 வருடத்துக்குள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊசி போட்டது வீட்டு மாட்டுக்கு, பிழைத்தது காடு. கிரிவலப் பாதையோரம் மான் பார்க்கும்போதெல்லாம் இப்போது இது ஞாபகம் வருகிறது.

1927-இல் இமயமலைப் பகுதி முக்தேஷ்வர் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் வைரஸை ஆட்டில் மீண்டும் மீண்டும் ஏற்றி, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார். 1954-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அதற்கு அப்புறமும் 40 வருடம் நோய் நம்மோடுதான் இருந்தது. இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995-இல். எங்கே என்று படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தமிழ்நாட்டில், வட ஆற்காடு மாவட்டத்தில். 1989 வரை நாங்களும் அந்த மாவட்டம்தான். அதை வெட்டித்தான் திருவண்ணாமலையைத் தனியாக்கினார்கள். ஒரு நாட்டின் கடைசி வெக்கை எங்கள் பக்கத்து வீட்டில் நடந்திருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயசு. ஒன்றும் தெரியாது.

கடைசி மாடு 1995. நோய்த்தொற்று இல்லை என்ற உலகச் சான்றிதழ் 2006. நடுவில் இருக்கும் 11 வருடம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும் நோய் வந்து பிழைத்த மாட்டின் ரத்தத்திலும் ஒரே மாதிரி எதிர்ப்புப் பொருள் இருக்கும். பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் நோய் போய்விட்டது என்று நிரூபிக்க வேண்டுமானால் முதலில் ஊசியை நிறுத்தணும். கவசத்தைக் கழற்றிவிட்டு ஊர் ஊராகப் போய் விசாரித்து, ரத்தம் எடுத்துப் பார்க்கணும். 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்காக இத்தனை வருடம் தொழுவம் தொழுவமாக நடந்தவர்களை யாருக்குத் தெரியும்? நாங்கள் ரெண்டு நாள் புகார் வரவில்லை என்றால் டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிவிடுவோம்.

2011-இல் உலகம் முழுக்க ஒழிந்ததாக அறிவித்தார்கள். மனிதன் ஒழித்தவை ரெண்டே ரெண்டு நோய்தான், முதலாவது பெரியம்மை. 2019-இல் இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வுக்கூடம் தன்னிடமிருந்த 3,000க்கும் அதிகமான வைரஸ் குப்பிகளை அழித்தது. அதற்கு முன்னால் மரபணு வரிசையை எழுதி எடுத்துக்கொண்டார்கள். பேக்கப் எடுக்காமல் எதையும் டெலீட் பண்ணக் கூடாது என்பது அங்கேயும் விதி போல.

ஆயாவிடம் வந்து சொன்னேன். "வெக்கை இப்ப உலகத்துலயே இல்ல ஆயா."

"ஆரு சொன்னா?"

"ஐநா சபைல."

"அவங்க வந்து பாத்தாங்களா?"

"ரத்தம் எடுத்துப் பாத்திருக்காங்க."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த செங்கத்தான் பேரு வாய்ல வரமாட்டேங்குது" என்றாள்.

தரகர் ரெண்டாம் தரம் வந்தபோது அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். காரணம் சொல்லவில்லை, என்னிடமும் இதுவரை சொன்னதில்லை. போகும்போது தரகர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்ஜினீயர் வீட்டுக்கு என்ன கஷ்டம் என்பது மாதிரி. அடுத்த தெருவில் அவருக்கு ஒரு மாடு கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

ஒன்பதாம் நாள் பசுவின் கழுத்தில் முதல் முடிச்சு தெரிந்தது. அப்பா தடவிப் பார்த்துவிட்டு, தரகர் சொன்ன விலையை ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னார். ஆயா உரலை இழுத்துப் போட்டு வெற்றிலை இடிக்க உட்கார்ந்தாள்.