துருப்பிடித்த ஸ்டட்டும் கொஞ்சம் பொறுமையும்

எங்கள் வீட்டுக் கார் ஒரு மொரிஸ் மைனர். வாப்பாவின் காலத்திலிருந்து ஓடுகிறது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபோதும், விலை எம் போன்றவர்களின் கைக்கு எட்டவில்லை. ஆகவே இருப்பதைப் பேணிக்கொள்வதே எமக்குள்ள வழி.

அண்மையில் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்றொரு சத்தம் கேட்டது. எஞ்சின் சூடானதும் அது குறைந்துவிட்டது. பொனட்டைத் திறந்து பார்த்தேன். புகை வெளியேறும் மெனிபோல்ட் எஞ்சின் ஹெட்டோடு சேருமிடத்தில் கரி படிந்திருந்தது. அவ்விடத்தால் புகை கசிகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

வெறும் சத்தமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலே ஒட்சிசன் சேரவேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், குமட்டும், உறக்கம் வரும். பின் சீற்றில் பிள்ளைகள் கண்ணயர்ந்தால் பயணக் களைப்பென்றே நாம் நினைப்போம். அன்றே காரை நிறுத்தி, பழக்கமான கராஜ் நானாவை வீட்டுக்கு அழைத்தேன்.

மெனிபோல்டில் வெடிப்பு இருந்தது. அதை மாற்ற வேண்டும். ஆனால் அதைப் பிடித்திருந்த ஸ்டட்டுகளும் நட்டுகளும் துருவேறி ஒன்றாகிப் போயிருந்தன. இரும்பு துருவானால் முன்னிருந்ததைவிடக் கூடிய இடத்தை அடைக்கும். அதனால்தான் மரைக்குள் அப்படி இறுகிப் போகிறது.

நானா முதல் நாள் ஸ்பனரைத் தொடவேயில்லை. கம்பிப் பிரஷால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டுப் போனார். மறுநாளும் விட்டார். மூன்றாம் நாள்தான் நட்டில் கை வைத்தார்.

"நானா, ஒரேயடியாத் திருப்பினா என்ன?" என்று கேட்டேன்.

"பொறுங்க தம்பி. முதல்ல இறுக்குற பக்கம் ஒரு பொடி திருப்பி, பொறகுதான் கழட்டணும். ஒடஞ்சா வேல கூடிரும்."

முன்னும் பின்னுமாக அசைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவ்வளவு கவனித்தும் கடைசி ஸ்டட் முறிந்தது. ஒரு சிறு முனைதான் வெளியே நீட்டியிருந்தது. மைனரில் காபரேட்டரும் இந்த மெனிபோல்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. காபரேட்டரை முன்னமே கழற்றியிருந்தார். இப்போது பெற்றோல் குழாயை அடைத்து, பெட்டரி வயரையும் கழற்றினார். பிறகு அந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்தார். அந்தச் சூட்டிலேயே துருவின் பிடி தளர்ந்தது. ஆறவிட்டுத் திருப்ப, ஸ்டட் முழுதாக வெளியே வந்தது.

புதிய ஸ்டட், புதிய கெஸ்கட், பித்தளை நட்டுகள். பித்தளை இரும்பைப் போலத் துருப்பிடித்து ஒட்டாது. நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கினார். சில நாள் ஓடிய பின், எஞ்சின் ஆறியிருக்கும்போது மறுபடியும் இறுக்கிப் பார்த்தார்.

உங்கள் வாகனத்திலும் காலையில் இப்படிச் சத்தம் கேட்டால், பொனட்டைத் திறந்து கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படாதீர்கள். பயணம் ஒரு நாள் பிந்தினால் பாதகமில்லை.