மிதிவண்டியில் விசுவக்குடிக்கு

சென்ற மார்கழி விடுமுறையில் விசுவக்குடி அணையைப் பார்த்துவர நானும் தம்பியும் புறப்பட்டோம். பேருந்துக்குக் காசில்லாமல் இல்லை. பள்ளியில் அரசு தந்த மிதிவண்டியிலேயே போய்வருகிறேன் என்று அப்பாவிடம் வீம்பாகச் சொல்லிவிட்டேன்! தம்பி கேரியரில் உட்கார்ந்துகொண்டான்.

பெரம்பலூரிலிருந்து எசனை வரை களைப்பே தெரியவில்லை. இருபுறமும் பருத்தியும் மக்காச்சோளமும். அன்னமங்கலம் தாண்டியதும் பச்சைமலை எதிரே எழுந்து நின்றது. சாலையும் மெல்ல மேலேறியது. கியர் இல்லாத வண்டி. எழுந்து நின்று மிதித்தேன்.

"அண்ணே, நான் இறங்கிக்கிறேன்."

"பேசாம உட்காருடா!"

சிறிது தூரத்தில் சங்கிலி கழன்றது. இருவரும் புழுதியில் கிடந்தோம். அவன் முழங்காலில் இரத்தம்.

1910-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பந்தயத்தில் 2115 மீட்டர் உயரமுள்ள டூர்மலே கணவாயை முதன்முதலாகச் சேர்த்தார்கள். அதன் உச்சியை முதலில் அடைந்த ஒக்தாவ் லாப்பீஸ்கூட இடையிடையே வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினாராம். அந்த ஆண்டுப் பந்தயத்தை வென்றவரும் அவரே. நமக்கென்ன வந்தது? மீதித் தொலைவைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கல்லாற்றை மறித்து நிற்கிறது அணை. மலையின் நிழல் நீரில் அசையாமல் கிடந்தது. நெடுநேரம் பேசாதிருந்தோம். தம்பி காயத்தைக் கழுவிக்கொண்டே, "நானே ஓடி விழுந்துட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடறேண்ணே" என்றான். எனக்குத் தண்ணீரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது இறக்கம். பிரேக் கட்டையை நம்பாமல் அதையும் நடந்தே கடந்தோம். வீட்டில் நடந்ததை நான்தான் சொன்னேன்.