ஆணி போட்டது யார்?

நெடுஞ்சாலையில் டயர் பஞ்சரானால் வண்டிக்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “ஆணியைப் போடறதே பஞ்சர் கடைக்காரன்தான்.” இன்னொருவர், “அந்தச் சேட்டனுங்க எல்லாம் அப்படித்தான்” என்பார். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் பெரியப்பா எழுந்து வெளியே போய்விடுவார். சேலம்–கொச்சி சாலையில் கிளீனராக லாரி ஏறி, டிரைவராக ஓய்ந்தவர். “நடுராத்திரியில நம்ம வண்டி நின்ன இடத்துக்கு வந்தவன் அவன்” என்று ஒருமுறை சொன்னார். செல்போன் இல்லாத காலத்தில், ஆளரவமற்ற இடத்தில் நின்ற லாரியைத் தேடி ஒருவர் எப்படி வந்திருப்பார்? அதைக் கேட்பதற்குள் பெரியப்பா காலமாகிவிட்டார்.

தமிழ்நாட்டுச் சாலையோரத்தில் இந்தத் தொழிலை இத்தனை மலையாளிகள் செய்வதற்கு எல்லோரிடமும் ஒரு விடை தயாராக இருக்கிறது: ரப்பர். நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். 1902-இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் ரப்பர் தோட்டம் போட்டார்கள். ரப்பர் வாரியம் இருப்பது கோட்டயத்தில். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1952-இல் டிரெட் ரப்பருக்கு வந்தார். தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை போடும் சரக்கு அது. எம்.ஆர்.எஃப். டயர் பிறகு வந்தது. மரம், தொழிற்சாலை, சாலையோரக் கடை என்று எல்லாம் அழகாகப் பொருந்தின.

சங்ககிரிக்கும் பவானிக்கும் இடையே கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. எழுபதைத் தாண்டியவர். வேலை நடக்கும்போது பேசமாட்டார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவார், குமிழி வரும் இடத்தில் குறி போடுவார், அரத்தால் தேய்ப்பார், சொல்யூஷன் தடவுவார். ஈரத்தோடு ஒட்டினால் ஒட்டு வழியிலேயே விட்டுவிடும் என்பதால் அது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த இடைவெளியில்தான் நான் கேட்க முடியும். பதில் அடுத்த டியூப் காயும்போதுதான் வரும்.

“எங்க நாட்டுல ரப்பர் இல்ல சாரே. பாலக்காடு. அவிடெ நெல்லாக்கும். நான் ரப்பர் மரம் கண்டதே கல்யாணம் கழிஞ்சுதான்.”

மாம்மன் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். “அவங்களுக்கு எங்கள அறியுமோ?” என்றார். அத்தோடு ரப்பர் முடிந்தது.

ஆணியைப் பற்றிக் கேட்டபோது கோபப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். உள்ளே போய் ஒரு பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தார். அத்தனையும் டயர்களிலிருந்து பிடுங்கியவை. திருகாணி, கம்பித் துண்டு, லாரிப் பலகை ஆணி. அடியில் துருவேறிக் கிடந்தவற்றில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். லாட ஆணி. அவர் கடை போட்ட புதிதில் மாட்டுச் சந்தைக்கு மறுநாள் கடையில் நிற்க இடமிருக்காதாம். வண்டி மாடும் சந்தை மாடும் நடந்த அதே தார் சாலையில்தான் லாரியும் போனது. குளம்பிலிருந்து உதிர்ந்ததெல்லாம் டயரில் ஏறியது. என் பெரியப்பா காலத்து ஆணி மாடு போட்ட ஆணி! எனக்கு உண்டான சந்தோஷம் அவருக்கு விளங்கவில்லை.

“ஆணி போட்டவனுக்கு வண்டி எங்க நிக்கும்னு தெரியுமோ? லாரி டயர்ல காத்து மெல்ல இறங்கும். பெருந்துறை தாண்டிப் போய் நிக்கும். அங்க வேற ஆளு கடை.”

இருசக்கர வண்டி அப்படியில்லை. டியூபில் ஆணி ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே தள்ளாடும். பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒரு மென்பொருள் பொறியாளர் காந்தத்தை வைத்துக் கிலோக்கணக்கில் ஆணி பொறுக்கிய செய்தியை நானும் படித்திருக்கிறேன். சில இடங்களில் சிலர் செய்திருக்கிறார்கள். அதற்காக லாரிச் சாலையில் ஆயுள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்தவர் தலையில் அந்தப் பழியைக் கட்டுவது அநியாயம்.

பெரியப்பா சொன்னதை அவரிடம் சொன்னேன். இந்த முறை அடுத்த டியூபுக்காகக் காத்திருக்கவில்லை. உடனே பேசத் தொடங்கினார். லாரியில் இருக்கும் ஸ்டெப்னியை மாட்டியபின் இன்னொரு டயரும் போய்விட்டால், கிளீனர் வழியில் வரும் வேறு லாரியில் ஏறிக் கடைக்கு வருவான். கடைக்காரர் காற்றடித்து வைத்த தன் சக்கரம் ஒன்றை, ஜாக்கி, லிவரோடு எதிர்ப்பக்கம் போகும் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளீனரோடு போவார். மாட்டிவிட்டு, பஞ்சரான சக்கரத்தோடு மற்றொரு லாரியில் திரும்புவார். அடுத்த நடையில் அந்த வண்டி வந்து, இரவல் சக்கரத்தைக் கொடுத்துத் தன்னுடையதை வாங்கிக்கொள்ளும். வராமல் போனவர்கள்? “உண்டு. ரெண்டு பேர்.”

இன்று அவருடைய மருமகன் ஒரு வேனில் கம்ப்ரஸரும் பேட்டரிகளும் ஏற்றிக்கொண்டு, கார் நின்ற இடத்துக்கே போகிறார். முன்பெல்லாம் பேட்டரி இறங்கினால் தள்ளிக் கிளப்பலாம். ஆட்டோமேட்டிக் கியர் காரை எத்தனை பேர் தள்ளியும் பயனில்லை. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் அடைக்கும் சாமானும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதியும் மாறிவிட்டது. ஆள் வந்தே ஆக வேண்டும். போனில் மருமகன் முதலில் கேட்பது, “சாவி திருப்பும்போது லைட் மங்குதா?” மங்கினால் பெரும்பாலும் பேட்டரி, பளிச்சென்று எரிந்தும் எஞ்சின் சுற்றாவிட்டால் ஸ்டார்ட்டர் பக்கம் பார்க்க வேண்டும். புதியதை மாட்டிவிட்டு, பழையதை அதிலிருக்கும் ஈயத்துக்காக விலை போட்டுக் கழித்துக்கொள்கிறார்.

பெரியவருக்கு இந்தத் தொழிலையும், வண்டி நின்ற இடத்துக்குப் போகும் வழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அம்மாவன், அதாவது தாய்மாமன். அந்த அம்மாவன் யாரிடம் கற்றார்? “கோயம்புத்தூர் உக்கடத்துல டயருக்குப் பட்டை போடற கடை. முதலாளி தமிழாளுதான்.” அந்தக் கடையில் வேலைக்கு நின்ற பையன்கள் எல்லோரும் பாலக்காட்டுப் பக்கத்தவர்களாம், தொழில் படிந்ததும் ஆளுக்கொரு ஊரில் கடை போட்டார்களாம். முதலாளியின் பெயர் பெரியவருக்குத் தெரியவில்லை. உக்கடத்தின் பழைய ரீட்ரெடிங் கடைகளை அறிந்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களிடம் இனி நான் கேட்க வேண்டியது இதுதான்: பக்கத்திலேயே ஆள் இருந்தும், அந்தத் தமிழ் முதலாளி வாளையாறு தாண்டிப் பையன்களைக் கூட்டிவந்தது எதற்காக?