வார்ப்பு இரும்பா, வளைத்த குழாயா?

அம்பாசடர் இஞ்சினுக்கு சிலிண்டர் நாலு. புகை வெளியே வரும் வாசல் மூன்றுதான். முதல் சிலிண்டருக்கும் கடைசிக்கும் தனித்தனி வாசல். நடுவிலிருக்கும் இரண்டும் மூன்றும் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி ‘பி சீரிஸ்’ என்ற பெயரில் செய்த 1489 சிசி இஞ்சின் அது. உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பல பத்தாண்டுகள் அதை அம்பாசடருக்குள் வைத்து விற்றது. வளைத்த குழாய் ஹெட்டர் போடலாமா, புகையை வாங்கும் பழைய வார்ப்பு மேனிபோல்டே இருக்கட்டுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் பேச்சை நான் இந்த மூன்று வாசலில்தான் ஆரம்பிப்பேன். நாலு பைப் உள்ள ஹெட்டர் படத்தை போனில் காட்டி “இதே மாதிரி வேணும்ணா” என்பவரிடம், நாலாவது பைப்பை எங்கே மாட்டுவது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு அது சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். மடப்பட்டு கூட்டுரோடு பக்கம், பண்ருட்டி பக்கம், உளுந்தூர்பேட்டை பக்கம் என்று மூன்று திசையிலிருந்தும் வேலை வரும். பெரும்பாலும் டிராக்டர் சைலன்சர், மினி லாரி, ஈச்சர். பழைய கார் நடுநடுவே வரும். அப்பா ஓட்டிய அம்பாசடரை உயிர்ப்பிக்க வேண்டும் என்று ஒருவர், கல்யாணத்துக்கு வாடகைக்கு விட ஒரு பத்மினி வாங்கிய இன்னொருவர். இரண்டு பேருக்கும் பிள்ளைகள் யாராவது ஹெட்டர் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

வார்ப்பு மேனிபோல்டைப் பலர் அழுக்குப் பிடித்த இரும்புக் கட்டியாகவே பார்க்கிறார்கள். அது அவ்வளவு மட்டமானது இல்லை. அம்பாசடர் இஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் உட்காரும் இன்லெட் மேனிபோல்டு, எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் மேலேயே தொட்டுக்கொண்டு நிற்கிறது. தொடும் இடத்தில் ஏறும் சூடு, பெட்ரோல் துளித்துளியாக ஒழுகாமல் ஆவியாகி உள்ளே போக உதவுகிறது. மார்கழிக் காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்த வண்டி, தெருமுனை தாண்டுவதற்குள் திக்காமல் ஓடுகிறதென்றால் அந்தத் தொடுகை வேலை செய்கிறது என்று அர்த்தம். கனத்த இரும்பு சத்தத்தையும் விழுங்கிக்கொள்ளும். நாற்பது ஐம்பது வருஷம் துருவுக்கு ஈடுகொடுக்கும்.

அது கெடும்போதுதான் கெட்ட பெயர். கெடுவதற்கு இரண்டு வழி. ஒன்று விரிசல், இன்னொன்று, சிலிண்டர் ஹெட்டோடு சேரும் முகம் சூட்டில் கோணிக்கொள்வது. கழற்றியதும் கயிற்றில் தொங்கவிட்டு சின்னச் சுத்தியால் தட்டுவேன். நல்ல வார்ப்பு கோயில் மணி போல ஒலிக்கும். விரிசல் விட்டது செத்த சத்தம் போடும். எங்கே என்று தெரியவில்லையானால் மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் மாவைப் பூசினால் போதும். கொஞ்ச நேரத்தில் விரிசலிலிருந்து எண்ணெய் கசிந்து கோடு போட்டுக் காட்டிவிடும்.

விரிசலைச் சாதாரண ராடு போட்டு ஒட்டினால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். முழுத் துண்டையும் சமமாகச் சூடேற்ற வேண்டும். நிக்கல் ராடில் சின்னச் சின்னதாக வைத்து, ஒவ்வொன்றையும் சூடாக இருக்கும்போதே மெல்லத் தட்டி, கடைசியில் காய்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மறுநாள்தான் எடுக்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது. கோணிய முகத்தை லேத்திலோ மில்லிங்கிலோ ஃபேசிங் பிடித்தால் சரியாகிவிடும். இந்த இரண்டும் முடியாத துண்டென்றால் சென்னை புதுப்பேட்டையில் பழையது தேட வேண்டியதுதான்.

ஹெட்டர் என்ன செய்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு சிலிண்டரிலிருந்து புகை பாயும்போது அழுத்த அலை ஒன்று குழாயில் ஓடுகிறது. குழாய்கள் சேரும் இடத்தில் அது விரிந்ததும், எதிர் அலை ஒன்று வால்வை நோக்கித் திரும்பி வரும். எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகிற, இன்லெட் வால்வு திறக்க ஆரம்பித்திருக்கிற அந்தச் சிறு நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சிக்கொண்டு புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடும். குழாயின் நீளம், உள் விட்டம், எந்த இரண்டு குழாய் முதலில் சேர்கிறது என்பதெல்லாம் இந்த நேரக்கணக்குக்காகத்தான்.

நம் இஞ்சின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றும் நாலும் கிராங்க்கின் ஒரு முழுச்சுற்று இடைவெளியில் வெடிக்கின்றன. இரண்டும் மூன்றும் அப்படியே. ஆகவே நடு வாசலில் இரண்டு சிலிண்டரின் புகையும் முட்டிக்கொள்வதில்லை. இப்படிப்பட்ட ஹெட்டுகளுக்கு இங்கிலாந்தில் ஒரு ஹெட்டர் வடிவம் உருவானது. ஓரத்து இரண்டு குழாயும் முதலில் கூடும். நடுக்குழாய் மட்டும் தனியாக நீண்டு போய்க் கடைசியில் சேரும். ‘லாங் சென்டர் பிராஞ்ச்’ என்பார்கள். இதே மூன்று வாசல் அமைப்புள்ள மினி காரில் அது பேர் வாங்கியது. அம்பாசடருக்கு ஹெட்டர் என்று செய்தால் அந்த வடிவத்தைத்தான் செய்ய வேண்டும்.

ஆனால் அந்தச் சிறு நேரம் இருக்கிறதே, இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம், அது கம்பெனி கேம் ஷாஃப்டில் மிகக் குறைவு. உறிஞ்சுவதற்கு வாய்ப்பே கொடுக்காத கேமை வைத்துக்கொண்டு உறிஞ்சும் குழாயை மட்டும் மாட்டினால் என்ன கிடைக்கும்? நாலாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேலே கொஞ்சம் கிடைக்கும். சோழவரத்தில் ஓட்டினவர்களுக்கு அந்தக் கொஞ்சம்தான் எல்லாமே. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருஷம் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகே அந்தக் காலம் முடிந்தது. பந்தயத்துக்கு வண்டி தயார் செய்கிறவர் கேம், கம்ப்ரஷன், கார்புரேட்டர், வாசல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவார். குழாய் அதில் ஒரு பங்கு. அந்தப் பங்கை மட்டும் பிய்த்துக் கொண்டுவந்து தெருவில் ஓடும் வண்டியில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தெருவில் ஓடும் வண்டி எந்த ஆர்.பி.எம்.மில் வாழ்கிறது என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் எண்பதில் போனாலும் மூவாயிரத்துச் சொச்சம்தான். கல்யாண வண்டிக்கு அதுகூட இல்லை. மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரத்துக்குப் பின்னால், முதல் கியரில், கிளட்சை மிதித்து மிதித்து, மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். காற்று உள்ளே வராது. பானெட் மேலே பூ அலங்காரம் வேறு. மெல்லிய குழாய் ஹெட்டர் அந்த நேரத்தில் சூட்டை அப்படியே வெளியே கக்கும். மேலே கார்புரேட்டர்; அதன் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கும். வண்டி நின்றுவிட்டால் அப்புறம் சீர்வரிசைத் தட்டோடு வருகிறவர்கள்தான் தள்ள வேண்டும்.

மலை ஏறினாலும் இதே தொல்லை. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைக்குப் போகிற பாதையில் கொண்டைஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இஞ்சின் முக்கிக்கொண்டே போகும். வேகம் குறைவு, பளு அதிகம். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு ஏறின பழைய டிரைவர்களை இன்றும் பார்க்கலாம். அங்கே தேவைப்படுவது கீழ் ஆர்.பி.எம். இழுவை. அதை நல்ல நிலையில் இருக்கும் வார்ப்பு மேனிபோல்டே கொடுத்துவிடுகிறது.

சூட்டுக்குத் துணி சுற்றலாமே என்பார்கள். சுற்றலாம். ஆனால் சாதா இரும்புக் குழாய் அந்தத் துணிக்குள் ஈரம் கோத்துச் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். அந்தக் காலத்தில் அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றினார்கள். அந்தத் தூசி நுரையீரலைத் தின்றுவிடும், பழைய வண்டியில் அதைப் பார்த்தால் ஈரமாக்காமல் கை வைக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது. ஆனால் சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக நீளும். இறுக்கிக் கட்டினால் வெல்டிங் ஓரத்தில் பிளக்கும்.

குழாய் வளைக்கிற வேலை எனக்குப் பிடித்த வேலை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முனையை அடைத்து, வறுத்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்து, வளைய வேண்டிய இடத்தைச் செக்கச்செவேலெனச் சூடாக்கி மெதுவாக இழுப்போம். மணல் இருப்பதால் குழாய் நசுங்காது. மணலில் துளி ஈரம் இருந்தாலும் நீராவி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல் தள்ளிவிடும். அதனால் வறுக்கும் வேலையைப் பையன்களிடம் விடமாட்டேன்.

ஹெட்டர் மாட்டுகிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு; விற்கிறவர்கள் சொல்வதில்லை. இந்த இஞ்சினில் இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் ஹெட்டோடு பிடிப்பது பல இடங்களில் ஒரே ஸ்டட். கனத்த வாஷர் ஒன்று ஒரு கால் இதன் மேலும் ஒரு கால் அதன் மேலுமாக உட்காரும். கம்பெனித் துண்டுகளில் இரண்டு ஃபிளாஞ்சும் ஒரே தடிமன். வாங்கிவரும் ஹெட்டரின் ஃபிளாஞ்சு மெல்லிசாக இருந்தால் வாஷர் சாய்ந்துகொள்ளும். எக்ஸாஸ்ட் பக்கம் பிடிமானம் இல்லாமல் பேக்கிங் ஊதிப் போய் ‘டிக் டிக்’ என்று அடிக்கும். தடிமன் கூடினால் இன்லெட் பக்கம் காற்று இழுக்கும். ஐட்லிங் நிற்காது, கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் சரிவராது. படி வைத்த வாஷரை லேத்தில் கடைந்து போட்டால்தான் தீரும். நட்டு பித்தளையாக இருக்கட்டும். இரும்பு நட்டு சூட்டில் ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை கழற்றும்போது ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும்.

சட்டத்தையும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை என்றாலும். சத்தம், புகை விதியை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை போகும். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விண்டேஜ் விதியில் பதிய நினைப்பவர், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அசல் மேனிபோல்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டவர் பிறகு அதைத் தேடி அலைகிறார்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பலர் கடைசியில் கேட்பது, “சத்தம் நல்லா வருமாண்ணா?” என்றுதான். பவர் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் மனசுக்குள் இருப்பது அதுதான். அதில் தப்பொன்றும் இல்லை. சத்தத்தை அடக்குவதும் திறந்துவிடுவதும் பெரும்பாலும் பின்னால் இருக்கும் பைப்பும் சைலன்சரும்தான். அதனால் தெரு வண்டிக்கு நான் செய்வது இவ்வளவுதான்: மேனிபோல்டைக் கழற்றி விரிசல் பார்த்து, முகம் பிடித்து, வாயை ஹெட்டின் வாசலோடு ஒத்துப்போகும்படி உள்ளே அரம் போட்டு, கீழிறங்கும் பைப்பைக் கொஞ்சம் பெரிதாக்கி, சைலன்சரை நல்லதாக மாற்றுவது. காற்றோட்டம் கூடினால் கலவை மெலியும். பிளக்கைக் கழற்றிப் பார்த்து, வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றுவேன். கேம் மாற்றி, கம்ப்ரஷன் ஏற்றி, உண்மையாகவே ஐயாயிரத்துக்கு முறுக்கப்போகிறவர் வந்தால் மணலை வறுக்க ஆரம்பிப்பேன்.

பண்ருட்டி பக்கத்து அம்பாசடர் ஒன்று இப்போது பட்டறையில் நிற்கிறது. ஓனர் ஆன்லைனில் வாங்கிய ஸ்டெயின்லெஸ் ஹெட்டரைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். ஃபிளாஞ்சை அளந்து காட்டினேன். இன்லெட்டைவிட மெல்லிசு. “அப்போ திருப்பி அனுப்பிடவாண்ணா?” என்றார். அனுப்பச் சொல்லிவிட்டேன். அவருடைய பழைய வார்ப்பைத் தட்டிப் பார்த்தாயிற்று, மணி மாதிரி இருக்கிறது. ஃபேசிங்குக்கு விழுப்புரம் போயிருக்கிறது. வந்ததும் புதுப் பேக்கிங்கும் பித்தளை நட்டும் போட்டு மாட்டிவிடுவேன். ஒரு தடவை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, முழுக்க ஆறிய பிறகு கொண்டுவாருங்கள், நட்டை மறுபடி முறுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.