நாற்சார் வீடு

அஜ்மான் கோட்டை 1970 வரை ஆட்சியாளரின் இல்லம், பிறகு பொலிஸ் நிலையம், இன்று அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமைகளில் அதன் பவளக்கல் சுவரைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் ஊர் வீட்டு நினைவுதான் எங்களுக்கு.

யாழ்ப்பாணத்தில் எங்கள் நாற்சார் வீடும் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். ஷெல் விழுந்த பக்கம் கூரை இல்லை.

“கட்டடக்கலைஞருக்குக் குடுக்கிற காசுக்கு ஓடு வாங்கலாம், மேசனே காணும்” என்கிறார் பெரியண்ணர். மேசனோ சுவருக்குச் சீமெந்து பூசி, முற்றத்தை மூடி பிளேட் போடலாம் என்கிறாராம். சீமெந்து பூசினால் சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேறாது. உள்ளுக்குள்ளே கல் உதிரும். முற்றமோ, அப்பாவைக் கடைசியாகக் கிடத்திய இடம். அன்று நாங்கள் இங்கே இருந்தோம்.

எதைக் கட்டுவதென்று மேசனுக்குத் தெரியும். எதை இடிக்கக் கூடாதென்று சொல்லவும் ஒருவர் வேண்டும். இருவரும் ஒரு மாதச் சம்பளத்தை அதற்கென்று எடுத்துவைத்தோம். பெரியண்ணருக்கு இன்னும் சொல்லவில்லை.