பாங்காக்கில் திருவெம்பாவை

தமிழில் பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இரண்டு சௌகரியங்கள் இருந்து வந்திருக்கின்றன. போன இடத்தில் என்ன சாப்பிட்டோம், அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று சொல்லியே பக்கங்களை நிரப்பிவிடலாம் என்பது ஒன்று. போன இடத்தில் தமிழ் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் பெருமைப்பட்டு, இல்லாவிட்டால் முன்பு இருந்தது என்று சொல்லிப் பெருமைப்படலாம் என்பது மற்றொன்று. ஏ. கே. செட்டியார் போன்ற ஓரிருவர் தாம் கண்டதை அடக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். மற்றபடி பெரும்பாலான கட்டுரைகளைப் படித்து முடித்ததும், எழுதியவர் வீட்டை விட்டுக் கிளம்பினாரா என்ற சந்தேகம்தான் எனக்கு மிஞ்சுகிறது.

இரண்டாவது சௌகரியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் குடும்பத்தோடு பாங்காக் போனதே அதன் பேரில்தான். அங்கே அரண்மனையைச் சேர்ந்த பிராமணர்கள் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையை ஓதுகிறார்கள் என்பது நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கும் சமாச்சாரம். தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களிடம் உள்ள கிரந்த ஏடுகளை ஜான் மார் என்ற ஆங்கிலேயர் ஆராய்ந்திருக்கிறார். விழாவுக்குப் பெயர் திரியம்பவாய்-திரிபவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும் அயலார் நாவில் தேய்ந்து அப்படி ஆகியிருக்கின்றன. 2019இல் நடந்த முடிசூட்டு விழாவிலும் இந்தப் பிராமணர்கள்தாம் சடங்குகள் செய்தார்கள். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஓதுகிறவர்களுக்குத் தாம் ஓதுவதன் அர்த்தம் தெரியாது என்ற பகுதியை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் பட்டது.

ராயப்பேட்டையில் எங்கள் வீட்டில் மார்கழி மாதம் முழுவதும் அம்மா விடியுமுன் எழுந்து திருவெம்பாவை சொல்லுவாள். இருபது பாட்டும் மனப்பாடம். தெருக்கோடிக் கோவிலின் ஒலிபெருக்கி அதே நேரத்தில் திருப்பாவையை அலறிக்கொண்டிருக்கும். அம்மா தன் குரலைச் சிறிதும் உயர்த்தாமல் தன் பாட்டைச் சொல்லி முடிப்பாள். பாங்காக் விஷயத்தைச் சொன்னபோது, "அங்கேயுமா சொல்றாங்க? பாத்துட்டு வரலாமே" என்றாள். மகளுக்குப் பள்ளி விடுமுறையும் பாங்கில் எனக்கு லீவும் ஒத்துவந்தது மே மாதத்தில்தான். விழா நடப்பதோ மார்கழி, தை வாக்கில். பாட்டு இல்லாவிட்டாலும் கோவிலையாவது பார்க்கலாம் என்று நால்வரும் கிளம்பினோம்.

விமானத்தில் நான்கு பெட்டிகள் ஏற்றினோம், மூன்று வந்தன. வராதது அம்மாவுடையது. புடவைகள், ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் எல்லாம் அதில். நாளைக்கு வந்துவிடும் என்று கௌண்டரில் சொன்னார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். மருந்துக்கடை ஒன்றில் மாத்திரையின் பெயரை எழுதிக் காட்டி வாங்கிவிட்டோம். புடவைதான் சிக்கல். மனைவியின் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ரவிக்கை பொருந்தாததால் மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, அந்த வெயிலில் அம்மா மூன்று நாள் நடந்தாள். ஒரு முறைகூடக் குறை சொல்லவில்லை. அதனாலேயே எங்கள் மூவருக்கும் குற்றவாளிகள் போன்ற ஓர் உணர்வு இருந்துகொண்டே இருந்தது.

அந்த விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. ஆங்கில எழுத்தில் இருந்ததை மகள் எழுத்துக் கூட்டிச் சரியாகவே வாசித்தாள். அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே 'சுவன்னபூம்' என்று திருத்தினாள். அவர்கள் எழுத்தில் சமஸ்கிருதத்தின் கடைசி இகரம் இருக்கிறது, வாயில் இல்லை. ஒலிக்காத எழுத்துகளையும் பழைய சொல்லுக்கு மரியாதையாக எழுதிவைத்திருக்கிறார்கள். எழுத்தைக் காப்பாற்றி ஒலியைக் கைவிட்ட ஜனங்களே, திருவெம்பாவை விஷயத்தில் ஒலியைக் காப்பாற்றி அர்த்தத்தைக் கைவிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அரண்மனை. வாசலுக்குச் சற்று முன்னால் டுக்டுக் ஓட்டி ஒருவன் எங்களை நிறுத்தி, இன்று பூஜை, பிற்பகல்வரை திறக்க மாட்டார்கள், அதுவரை குறைந்த கட்டணத்தில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றான். ஊர் என்பது ஒரு ரத்தினக் கடையாக முடிந்தது. தி. நகரில் பிறந்து வளர்ந்த என் மனைவிக்கு, கடைக்காரர் முதல் தட்டை எடுத்து வைக்குமுன் விஷயம் புரிந்துவிட்டது. "என்னங்க, எழுந்திருங்க" என்றாள். வந்த வழியே நடந்தோம். அரண்மனை திறந்துதான் இருந்தது.

உள்ளே மரகத புத்தர் கோவிலின் சுற்றுச் சுவர் முழுவதும் ராமகியன் ஓவியங்கள், 178 பகுதிகள். முதலாம் ராமா என்ற அரசர் 1797இல் எழுதுவித்த ராமாயணம் அது. அதன் அனுமன் பிரம்மசாரி அல்ல. வீடணன் மகளையும் கடலில் ஒரு மச்சகன்னியையும் காதலிக்கிறவன். சேது கட்டப் போட்ட கற்களை மீன்கள் தூக்கிப் போக, அவற்றின் தலைவியைத் தேடிப் போய்க் காதலில் முடிகிறது கதை. அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மகள் வழிகாட்டிப் புத்தகத்தைப் படித்துச் சொல்லிவிட்டாள். அம்மா சுவரின் அருகே போய்ச் சிறிது நேரம் பார்த்தாள். "இது வேற அனுமாருப்பா" என்றாள். பிறகு அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். ஒப்பியல் இலக்கியம் படித்தவர்கள், எது மூலம், எது திரிபு என்று எத்தனையோ பக்கங்களைச் செலவழித்திருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தின் நிதானம் அவற்றில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்று மாலை சீலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோவிலுக்குப் போகக் கிளம்பினோம். மாரியம்மன் என்று எத்தனை விதமாக உச்சரித்தும் டாக்ஸிக்காரருக்கு விளங்கவில்லை. வேறு ஏதோ ஒரு புத்தர் கோவில் வாசலில் இறக்கிவிட்டார். அங்கே ஒரு பூக்காரி அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "வாட் கேக்" என்றாள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் வழி தெரிந்தது. வாட் என்றால் கோவில். கேக் என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் மலாய்க்காரர்களையும் அவர்கள் குறிக்கும் சொல்லும் அதுதான். விருந்தாளி கோவில் என்று கேட்டால்தான் நம் அம்மனிடம் போய்ச் சேர முடிகிறது. உள்ளே செவந்தி மாலையும் தேங்காயுமாக வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர் இளைஞர்கள். விருந்தாளிகள் நாங்கள் மட்டும்தான்.

மூன்றாம் நாள் தேவஸ்தானம். அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். 1784இல் கட்டியது. சிவன், விநாயகர், நாராயணன் மூவருக்கும் தனித்தனிச் சன்னிதிகள். எதிரே பெரிய ஊஞ்சல். வானத்தை நோக்கி இரண்டு சிவப்புத் தேக்குக் கம்பங்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம். "ஊஞ்சல் எங்கப்பா?" என்றாள் மகள். ஊஞ்சல் இல்லை. சிவபெருமான் பூமிக்கு இறங்கிவரும் நாட்களில் அதில் ஆட்கள் நின்று ஆடி, மூங்கில் நுனியில் கட்டிய காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவார்கள். 1935இல் அதை நிறுத்திவிட்டார்கள். மரம் உளுத்ததும் 2007இல் புதுத் தேக்கில் கம்பங்களை மறுபடி எழுப்பினார்கள். ஆடுவதற்கு அல்ல. சிவன் இன்றும் வந்து போவதாகவும், அவருக்கான பாட்டு மட்டும் உள்ளே நடப்பதாகவும் ஏற்பாடு.

சன்னிதிக் கதவு சாத்தியிருந்தது. வெள்ளை உடையும் குடுமியுமாக ஒருவர் முற்றத்தில் நின்றிருந்தார். திரியம்பவாய் என்றேன். தலையசைத்து, "ஜனவரி" என்றார். அதற்குமேல் எங்களுக்குப் பொது மொழி இல்லை. அம்மா என்னைக் கேட்கவில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் சொல்லும் அதே தாழ்ந்த குரலில் திருவெம்பாவையின் முதல் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கடைசிவரை நின்று கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த ஒன்றைக் கேட்ட அடையாளம் எதுவும் இல்லை. பாட்டு முடிந்ததும் கைகூப்பினார். அம்மாவும் கைகூப்பினாள்.

இங்கேதான் என் சங்கடம். 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து நம்மில் பலர் ஓசைக்கு எதிராக வாதாடியிருக்கிறோம். கவிதை காதுக்கு அல்ல, பிரக்ஞைக்கு என்று சொல்லியிருக்கிறோம். அர்த்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் சத்தம் என்றால், பாங்காக்கில் மிஞ்சியிருப்பது அதுதான். ஆனால் வெறும் சத்தத்தைத் தலைமுறை தலைமுறையாக யாரும் கட்டிக்காக்க மாட்டார்கள். மறுதரப்பின் வாதமும் செல்லுபடியாகவில்லை. ஓசையே உயிர் என்றால் அந்த மனிதர் அம்மாவின் பாட்டை அடையாளம் கண்டிருக்க வேண்டும். அர்த்தமும் போய், நம் காதுக்கான ஓசையும் போய், இன்னும் ஏதோ ஒன்று அங்கே தொடர்ந்து நடக்கிறது. குறித்த மாதத்தில், குறித்த வேளையில், ஒரு கதவின் முன் நின்று உரிய சொற்களைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டுப்பாடு. அதைக் கவிதை என்று நான் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை. கவிதைக்குச் சம்பந்தமில்லாதது என்று தள்ளவும் துணிவில்லை.

அறைக்குத் திரும்பியபின் அம்மாவிடம், அந்தப் பாட்டுக்கு நீ என்ன அர்த்தம் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "தூங்கற பொண்ணை மத்தவங்க எழுப்பறாங்க. இதுக்கு மேல என்னப்பா?" என்றாள். "நாம எழுந்திரிச்சாத்தானே சொல்ல முடியும்."

நான்காம் நாள், திரும்பும் விமானத்துக்கு முன்னால், அம்மாவின் பெட்டி வந்து சேர்ந்தது. பூட்டு அப்படியே இருந்தது. திறக்க நேரமில்லாமல் மறுபடியும் அதை ஏற்றி அனுப்பினோம்.

பாங்காக்கில் தமிழ் வாழ்கிறது என்று இனி யாராவது மேடையில் சொன்னால் என்னால் கைதட்ட முடியாது. அங்கே வாழ்வது அவர்களுடைய விசுவாசம். அதற்கான பெருமையில் நமக்குப் பங்கு இல்லை. அர்த்தம் முழுவதும் நம் கைவசம் இருக்கிறது. உரைகள் இருக்கின்றன, ஆராய்ச்சிப் பதிப்புகள் இருக்கின்றன, ஒலிபெருக்கியும் இருக்கிறது. விடியுமுன் எழுந்திருப்பது எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான்.